பல்லுக்குப் பதில் சொல்லும் கோழி

கோழி தின்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. தட்டில் வைத்ததைத் தின்றுவிட்டு, கை கழுவிவிட்டு, வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நல்ல மனிதர்கள். இரண்டாவது வகை, முதல் வாய் வைப்பதற்கு முன்னால் அந்தக் கோழி எந்த ஊர், யார் வீட்டு முட்டை, எத்தனை நாள் வெயிலில் திரிந்தது, என்னென்ன பூச்சி தின்றது என்று பூர்வோத்தரம் முழுக்க விசாரிக்கிறவர்கள். இவர்களுக்கு நாட்டுக்கோழிக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நாட்டுக்கோழி வளர்க்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். வளர்க்கிறவருக்குப் பேச நேரம் ஏது? இவர் பேசுகிறவர்.

எல்லா நாட்டிலும் இருக்கிறார். ஆனால் ககமேகாவில் விளைகிற மாதிரி எங்கும் விளைவதில்லை. பாதிரியார் வீட்டுக்கு வந்தால் கோழி, மாப்பிள்ளை வந்தால் கோழி, ஆள் செத்தால் கோழி, செத்தவருக்கு வருஷம் திரும்பினால் மறுபடி கோழி என்று வாழ்கிற ஊர் இது. அந்த ஊரிலேயே முதல் தரமான நாட்டுக்கோழிக்காரர் யார் என்று பஸ் நிலையத்தில் யாரைக் கேட்டாலும் பின்பக்கம் பெயிண்ட் கடை வைத்திருக்கிற ஜஸ்டஸ் லிஷெங்காவைத்தான் காட்டுவார்கள். கையைக் காட்டிவிட்டு, அவர் பேச்சுக் கொடுப்பதற்குள் நகர்ந்தும் விடுவார்கள்.

அவர் சந்தையில் கோழி வாங்குகிற அழகைப் பார்க்க வேண்டும். கோழியைத் தலைகீழாகப் பிடிப்பார், வயிற்றுப் பக்கம் இறகை ஊதி விலக்கித் தோலின் நிறம் பார்ப்பார், நெஞ்செலும்பைக் கட்டைவிரலால் நெருடுவார், காலின் செதிலைச் சுரண்டுவார், கண்ணைத் திறந்து பார்ப்பார், கடைசியில் அதன் முகத்துக்கு நேரே மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். அந்தக் கோழியே கூச்சப்பட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

"யாரு வீட்டுக் கோழிம்மா?"

"எங்க வீட்டுதுதான், பெரியவரே."

"வீடு மேட்டுலயா, பள்ளத்துலயா?"

"மேட்டுல."

"எவ்வளவு மேடு? ஏறினா மூச்சு வாங்குமா?"

"பெரியவரே, நீங்க கோழி வாங்க வந்தீங்களா, பொண்ணு எடுக்க வந்தீங்களா?"

சந்தையே சிரிக்கும். லிஷெங்காவுக்கு உறைக்காது. ஏனென்றால் அவருக்கு ஒரு தத்துவம் இருக்கிறது, தத்துவம் உள்ளவனுக்கு வெட்கம் எதற்கு? பிராய்லர் என்பது கோழியே கிடையாது என்பது அந்தத் தத்துவம். பல்புக்கு அடியில் உட்கார்ந்து, தீவனத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே கூட எழுந்து நடக்காமல், ஒன்றரை மாதத்தில் ஊதிப் பெருத்து வருகிற அந்தப் பிராணிக்கு எலும்பு பிஸ்கட், கறி ஈரப் பஞ்சு, கொழுப்பு வெள்ளைத் தண்ணி. நாட்டுக்கோழி என்றால் தொடை கருத்திருக்கும், கொழுப்பு மஞ்சளாய் மிதக்கும், கறி எலும்பை விட்டு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். "கறி பல்லுக்குப் பதில் சொல்லணும்" என்பார். இதைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். காலையிலிருந்து வேகவைத்தும் மென்று முடியவில்லையே, தாடை வலிக்கிறதே என்று யாராவது முனகினால், "வலிக்குதா? அதுதான்யா ருசி" என்று முதுகில் ஒரு தட்டு.

அவர் இதில் சொல்வதெல்லாம் பொய்யா? அதுதான் தொந்தரவே, முக்கால்வாசி உண்மை. முழுப் பொய்யனை ஊர் சுலபமாக விரட்டிவிடும், முக்கால் உண்மைக்காரனை என்ன செய்வது? பக்கத்து வீட்டுக்காரர் இறந்த அன்று, விதவை ஒரு பக்கம் அழ, பாடகர் குழு ஒரு பக்கம் பாட, பந்தியில் உட்கார்ந்து ஒரு கடி கடித்துவிட்டு லிஷெங்கா துக்கத்தோடு தலையை ஆட்டினார். "பாவம், ரொம்ப நல்ல மனுஷன்ல?" என்று பக்கத்திலிருந்தவர் ஆறுதலாகக் கையைப் பிடித்தார். "பிராய்லர்" என்றார் லிஷெங்கா.

இப்படிப்பட்டவருக்குப் பெண் பிறக்கலாமா? பிறந்தது. பெயர் லினெட். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை, அப்பாவின் பிடிவாதம், அம்மாவின் பொறுமை. அந்தப் பெண் போயும் போயும் யார் மேல் ஆசைப்பட்டாள் தெரியுமா? எல்ஃபாஸ் மேல். எல்ஃபாஸ் யார்? ஊர் எல்லையில் நீளத் தகரக் கொட்டகை போட்டு, உள்ளே பல்பு எரியவிட்டு, ககமேகா ஓட்டல்களுக்கெல்லாம் பிராய்லர் சப்ளை பண்ணுகிற பெரிஸ் அம்மாளின் ஒரே மகன். அப்பா இல்லாத பையன், அம்மாவும் அவனுமாகச் சேர்ந்து நடத்துகிற தொழில்.

விஷயம் தெரிந்த அன்று லிஷெங்கா சாப்பிடவில்லை.

"பல்பு வெளிச்சத்துல வளர்ந்த குடும்பம்" என்றார் மனைவி ரசோவாவிடம். "அந்தப் பையனைப் பாரு. வெள்ளையும் சொள்ளையுமா, கொழுகொழுன்னு. ஒரு மேடு ஏறியிருப்பானா? பிராய்லர் பையன்!"

"பையனைக் கறிவெக்கவா போறோம், லினெட் அப்பா? கல்யாணம்தானே பண்ணப் போறோம்."

"இனம்னு ஒண்ணு இருக்குடி."

லினெட் உள்ளேயிருந்து வந்தாள். அழவில்லை, கத்தவில்லை. "அப்பா, அவனைக் கட்டலைன்னா நான் யாரையும் கட்டப் போறதில்ல. உங்க சம்மதம் இல்லாமலும் கட்டப் போறதில்ல. நீங்களே யோசிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு நைட் டூட்டிக்குப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பார். இப்படிப் பொறுப்பை மடியில் போட்டுவிட்டுப் போனால் மனிதன் என்ன செய்வான்? மூன்று பேரும் ஒரே வீட்டில் பேசாமல் சாப்பிட ஆரம்பித்தார்கள். பிள்ளையின் முகம் நாளுக்கு நாள் சுருங்குவதை ரசோவா பார்த்தாள். லிஷெங்காவும் பார்த்தார். பார்க்காத மாதிரி பெயிண்ட் கடைக்குச் சீக்கிரம் கிளம்பினார்.

கடைசியில் பெரிஸ் அம்மாள் வீட்டிலிருந்து முறைப்படி அழைப்பு வந்தது, வந்து எங்கள் வீட்டைப் பாருங்கள் என்று. போகாமல் இருப்பது மரியாதை இல்லை. லிஷெங்கா யோசித்தார், யோசித்து ஒரு திட்டம் கண்டுபிடித்தார். திட்டத்தின் பெயர் இமோண்டோ.

கோழி வயிற்றில் இரையை அரைக்கிற கெட்டிப் பை இருக்கிறதே, அதுதான் இமோண்டோ. எங்கள் பக்கத்தில் அது வீட்டுத் தலைவனுக்கு மட்டும். சம்பந்தி பேசப் போன இடத்தில் அதை வந்தவருக்கு வைப்பார்கள். எடுத்துச் சாப்பிட்டால் சம்பந்தம் சம்மதம், தட்டை நகர்த்திவிட்டால் முடிந்தது கதை, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். இன்னொன்றும் உண்டு. சம்பந்திக்குச் சந்தையில் வாங்கின கோழியைப் போடுவது கேவலம். சொந்த வீட்டில் வளர்ந்ததைத்தான் அடிக்க வேண்டும். பெரிஸ் வீட்டில் வளர்வது என்ன? யோசித்துப் பாருங்கள், லிஷெங்காவின் முகம் ஏன் அப்படி மலர்ந்தது என்று புரியும்.

"பையனைப் பத்தி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்" என்றார் மட்டாட்டு வேனில் போகும்போது. "கறியை ஒரு கடி கடிப்பேன். என்னன்னு சொல்லுவேன். சம்பந்திக்குப் பிராய்லர் போட்ட வீட்டுல எவன் இமோண்டோ தின்பான்? நானா வேண்டாம்னேன்? கோழி வேண்டாம்னுச்சு."

ரசோவா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூடவே வந்திருந்த லிஷெங்காவின் அக்கா முஹோஞ்ஜா மட்டும் விடவில்லை.

"தம்பி, நம்ம அம்மா காலத்துல பொம்பளைங்க கோழியே சாப்பிடக் கூடாதுன்னு வெச்சிருந்தீங்க. ஆக்கிப் போட்டுட்டு வெறும் கீரையோட எழுந்திருச்சு போகணும். இப்பத்தான் எங்களுக்கும் ஒரு துண்டு கிடைக்குது. அதையும் ஆராய்ச்சி பண்ணிக் கெடுத்துடாதே."

"ருசி தெரியாதவங்க பேசாம வாங்கக்கா."

பெரிஸ் வீட்டு வாசலில் இறங்கியதுமே கொட்டகைப் பக்கமிருந்து ஆயிரம் குஞ்சுகளின் கீச்கீச். லிஷெங்கா மூக்கைச் சுளித்து, "தீவன வாடை" என்றார். எல்ஃபாஸ் தண்ணீர் ஊற்றிக் கை கழுவ வைத்தான். கொழுகொழு என்றுதான் இருந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். "வாங்க மாமா" என்று சொல்ல வந்து, பயத்தில் "வாங்க ஐயா" என்று மாற்றிக்கொண்டான். பெரிஸ் அம்மாள் பெரிய உருவம், பெரிய குரல், மனசில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிற ரகம்.

சோளமாவுக் களியான உகாலி வந்தது, ஆவி பறக்க. அப்புறம் மண்சட்டி. முந்தின நாளே அடித்து, அடுப்புக்கு மேலே கட்டிப் புகை பிடிக்க வைத்து, பிறகு நிதானமாக வேகவிட்ட கோழி. சட்டியில் எல்லா அங்கமும் ஒழுங்காக இருந்தது. ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியே இமோண்டோ. அதை எல்ஃபாஸ் இரண்டு கையாலும் ஏந்தி லிஷெங்காவுக்கு முன்னால் வைத்தான். ரசோவா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

லிஷெங்கா கிண்ணத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சட்டியிலிருந்து தொடையை எடுத்தார். வழக்கமான பூஜை தொடங்கியது. விரலால் அழுத்தினார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மோந்தார். உதட்டில் அந்த வார்த்தை தயாராக நின்றது. எலும்புக்குப் பக்கத்தில் கடித்தார்.

கடித்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

கறி வரவில்லை. இழுத்தார். முரண்டு பிடித்தது. மறுபடி இழுத்தார், மெல்ல நார் நாராய்ப் பிரிந்தது, பிரிந்த இடத்தில் கருஞ்சிவப்பு. மென்றால் புகையும் மண்ணும் புல்லும் சேர்ந்து ஏதோ ஒன்று நாக்கின் அடியில் ஊறியது. சாற்றில் மஞ்சள் கொழுப்பு வட்டம் வட்டமாய் மிதந்தது. எலும்பைப் பல்லால் இறுக்கினார், இறங்கவில்லை. அடப்பாவி!

இந்த இடத்தில்தான் நாட்டுக்கோழிக்காரரை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வாயில் தயாராயிருந்த 'பிராய்லர்' என்ற ஒரு சொல்லைத் துப்பிவிட்டால் போதும், வந்த காரியம் முடிந்தது, யாரும் எதிர்த்துப் பேசப் போவதில்லை. முடியவில்லை அவருக்கு. மகள் கல்யாணத்தை நிறுத்துவார், அக்காவைப் பகைத்துக்கொள்வார், துக்க வீட்டில் மானத்தை வாங்குவார். நல்ல கறியைக் கெட்ட கறி என்று மட்டும் சொல்ல நாக்கு வராது. அதிலும் எதிரே நான்கு பேர் தீர்ப்புக்குக் காத்திருக்கும்போது!

கண்ணை மூடினார்.

"கோழின்னா இது கோழி! பல்லுக்குப் பதில் சொல்லுது. இது மேட்டுல ஏறி இறங்கின கால். ஒரு வருஷத்துக்குக் குறையாம வெயில்ல திரிஞ்சிருக்கு. ஈசல் தின்னுருக்கு. ராத்திரி மரத்துல தூங்கியிருக்கு. கொண்டை மடிஞ்ச செஞ்சேவல், நம்ம தாத்தாமார் வெச்சிருந்தாங்களே, அந்த அசல் இனம். இந்த ரத்தம் இப்ப ஊர்லயே இல்ல, சம்பந்தி!"

சம்பந்தி என்று சொல்லிவிட்டார். சொன்ன வேகத்தில் கை கிண்ணத்துக்குப் போய்விட்டது. இமோண்டோ வாய்க்குள் போய்விட்டது. ரசோவா கோத்திருந்த கைகளைப் பிரித்தாள்.

அத்தோடு பெரிஸ் அம்மாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன? மனசில் பட்டதைச் சொல்கிறவளாயிற்றே.

"செஞ்சேவலா? இல்லீங்களே. வெள்ளைங்க."

"வெள்ளையா?"

"நம்ம கொட்டகைக் கோழிதாங்க அது. போன வருஷம் லாரியில ஏத்துறப்போ ஒண்ணு கூண்டுலேர்ந்து தாவிக் கரும்புக் காட்டுக்குள்ள ஓடிருச்சு. கீரி பிடிச்சிருக்கும்னு விட்டுட்டோம். ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தா, பக்கத்து வீட்டுக் கோழிங்களோட சேர்ந்து மேட்டுல கிளறிட்டு நிக்குது! மெலிஞ்சு, காலெல்லாம் முறுக்கேறி. இவன்தான் அதுக்குத் தீவனம் போடாதம்மா, கொட்டகைக்குள்ள விடாதம்மான்னு சொல்லி வெளியவே வளர்த்தான். உங்களுக்குப் போட சந்தையில நாட்டுக்கோழி வாங்கலாம்னுதான் நான் சொன்னேன். 'சம்பந்திக்கு வாங்கின கோழியா? இருக்கறதுலயே நல்லது இதுதாம்மா'ன்னு இவன்தான் அடிச்சான்."

தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டு உகாலியை உருட்டினாள்.

லிஷெங்காவின் முகம் போன போக்கை எழுத வேண்டுமா? தொண்டையில் பாதி இறங்கியிருந்த இமோண்டோ அங்கேயே நின்றது. துப்பவும் முடியாது, விழுங்கவும் மனசில்லை. கண் கலங்கி, இருமி, தண்ணீர் குடித்து, ஒரு வழியாக அது இறங்கியது. இறங்கியதும் எழுந்து நின்றார்.

"சம்பந்திக்கு... பிராய்லரா போட்டீங்க?"

பெரிஸ் அம்மாள் உருட்டிய உகாலி கையிலேயே நின்றது. ரசோவா கண்ணை மூடிக்கொண்டாள். மகளின் முகம் அவளுக்குள் வந்திருக்க வேண்டும்.

அதுவரை தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த முஹோஞ்ஜா எலும்பைத் தட்டில் வைத்தாள்.

"உட்காரு தம்பி."

"அக்கா, இது அவமானம்..."

"உட்காருடா! ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லிட்டு எங்க வேணா போ. இப்ப கண்ணை மூடிட்டுச் சொன்னியே, மேட்டுல திரிஞ்சது, வெயில்ல காஞ்சது, அசல் ரத்தம்னு. அது சரியா, தப்பா? தப்புன்னா சொல்லு, ககமேகா பூரா போய் 'எங்க தம்பிக்குக் கோழி ருசி தெரியாது'ன்னு நானே சொல்லிடறேன். சரின்னா, கோழி நல்ல கோழி. நீ தின்னது நல்ல வீட்டு இமோண்டோ."

எப்படிப்பட்ட கேள்வி! நாக்கு தப்பா, கோழி சரியா? மகளின் வாழ்க்கை, குடும்ப கௌரவம், இனம், ரத்தம் எல்லாம் ஒரு தட்டில். தன் நாக்கு ஒரு தட்டில். லிஷெங்கா எதை விட்டுக்கொடுப்பார் என்று நினைக்கிறீர்கள்?

மெதுவாக உட்கார்ந்தார். தொடையை மறுபடி கையில் எடுத்தார்.

"நான் நடந்த கோழின்னேன்" என்றார் கம்பீரமாக. "நடந்துச்சா இல்லையா?"

"நடந்துச்சுங்க" என்றான் எல்ஃபாஸ் அவசரமாக.

"வெயில்ல திரிஞ்சதுன்னேன். திரிஞ்சுச்சா?"

"திரிஞ்சுச்சுங்க ஐயா."

"அவ்வளவுதான். அது யாரு வயித்துல பொறந்துச்சுன்னு கோழியை அடிச்சவங்களுக்கு வேணா கவலை. தின்னவனுக்கு எதுக்கு? முட்டை எங்க பொரிஞ்சா என்ன? எப்படி வளர்ந்துச்சுங்கறதுதான் கறி!"

செஞ்சேவலும் அசல் ரத்தமும் என்ன ஆயின என்று யாரும் கேட்கவில்லை. முஹோஞ்ஜா மட்டும் சாவகாசமாக இன்னொரு துண்டை எடுத்தாள்.

"அப்ப பையனுக்கும் அதே கணக்குதானே தம்பி? எங்க பொறந்தான்னு பார்க்க வேண்டாம். நடக்கறானான்னு மட்டும் பார்த்தா போதும்."

லிஷெங்கா எல்ஃபாஸை ஏற இறங்கப் பார்த்தார். "மேடு ஏறுவியா?"

"விடியக்காலையில ஓட்டல் ஓட்டலா சைக்கிள்ல கோழி கொண்டு போறேன் ஐயா. ஆஸ்பத்திரி மேட்டுல சைக்கிளை இறங்கித் தள்ளணும். அங்கதான் லினெட்டை..." என்று ஆரம்பித்து, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ரசோவா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மாதக்கணக்கில் அந்தப் பெண்மணி சிரித்திருக்கவில்லை. லிஷெங்கா அவளைத் திரும்பிப் பார்த்தார். வெறும் கிண்ணத்தை எல்ஃபாஸிடம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் சாறு ஊத்து. மாமான்னு கூப்பிடு. ஐயாவாம் ஐயா" என்றார்.

கல்யாணம் நடந்தது. நன்றாக நடந்தது. நாட்டுக்கோழிக்காரர் திருந்தினாரா என்றா கேட்கிறீர்கள்? அந்த வகை திருந்துவதில்லை, தத்துவத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும். இப்போதெல்லாம் பஸ் நிலையத்தில் அவர் பேச்சே வேறு. "இனம் கினமெல்லாம் சும்மா. நடைதான்யா கறி! இதை இந்த ஊர்ல முதல்ல சொன்னவன் நான்தான்." மாப்பிள்ளையின் கொட்டகையிலிருந்து சில வெள்ளைக் கோழிகளை வாங்கி வந்து, மேடு ஏறிப் பழகட்டும் என்று வீட்டின் பின்பக்கம் விட்டார். அவை ஏற மறுத்து, இறங்கின இடத்திலேயே உட்கார்ந்துகொண்டன. லிஷெங்கா குச்சியை எடுத்துக்கொண்டு பின்னால் நின்று, "நட, நட" என்று கெஞ்சிக்கொண்டிருந்ததை லினெட் ஃபோனில் படமெடுத்து வைத்திருக்கிறாள். அவர் கெட்ட மூடில் இருந்தால் ரசோவா அதைப் போட்டுப் பார்த்துக்கொள்வாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். பெரிஸ் அம்மாள் அந்த வெள்ளைக் கோழிக் கதையைச் சொன்னாள் பாருங்கள், அப்போது உங்கள் உள்ளுக்குள் ஒரு குரல், "பிராய்லராவது, ஒரு வருஷம் உயிரோடு இருக்கிறதாவது! அதுக்கு நெஞ்சு வெடிச்சிருக்குமே! அப்படியே இருந்தாலும் அந்த ருசி வராது. எங்க ஊர் கோழியைச் சாப்பிட்டுப் பார்த்திருந்தால் தெரியும்..." என்று ஆரம்பித்ததே. கேட்டதா?

எனக்குக் கேட்டது. கையைக் கழுவிக்கொண்டு வந்து லிஷெங்காவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். இடம் போட்டு வைத்திருக்கிறார்.